புதிய வீட்டின் வரைபடத்தில் எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைக் கடந்த தாயார் என ஐந்து பேர் வசிப்பதற்காகத் தரைத்தளமும் மேல்தளமும் கொண்ட வீடு ஒன்றைக் கட்டப் போவதாகவும், தளம் ஒன்றுக்கு 30 அடிக்கு 40 அடி இடம் கிடைக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டிய அறைகளையும் அவற்றின் அளவுகளையும் பட்டியலிட்டு வைத்திருந்தும், தாளில் கட்டம் கட்டமாக அடுக்கிப் பார்க்கும்போது ஓர் அறை ஒழுங்காக அமைந்தால் இன்னொன்று கெட்டுப்போகிறது என்பது உங்கள் சிக்கல். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது கேள்வி.

அறைகளிலிருந்து தொடங்கியதே இந்தச் சிக்கலுக்குக் காரணம் என்று கருதுகிறேன். சுவரின் நிறத்தை நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம்; பாரம் தாங்காத தடுப்புச் சுவரைக்கூடச் சில நாள் தூசியைப் பொறுத்துக்கொண்டால் இடித்துத் தள்ளிக் கட்டிவிடலாம். ஆனால் மாடிப்படி, கழிவுநீர்க் குழாய் இறங்கும் இடம், தூண்களின் வரிசை, வீடு வெயிலுக்கும் காற்றுக்கும் திறந்திருக்கும் பக்கம் ஆகியவற்றை வீடு எழும்பியபின் மாற்றுவது வீட்டையே திருப்பிக் கட்டுவதற்குச் சமம். ஆகவே எது பின்னால் மாற்றுவதற்கு மிகக் கடினமோ அதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு அடுத்ததாகக் கதவுகளையும் அவற்றுக்கு இடையே மக்கள் நடக்கும் வழிகளையும் வையுங்கள். அறைகளின் நீள அகலங்கள் மூன்றாவதாகத்தான் வர வேண்டும். அந்த நேரத்தில் அவற்றில் பாதி தாமாகவே முடிவாகியிருக்கும்.

முதலில் மனை. எல்லையிலிருந்து எத்தனை அடி விட்டுக் கட்ட வேண்டும் என்ற விதியை உங்கள் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தாகத் தெரிந்துகொண்ட பிறகே 30க்கு 40 என்பதை உறுதியான அளவாகக் கொள்ளுங்கள். பிறகு ஒரு தாளில் வீட்டின் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து, திசை, சாலை, அக்கம்பக்கத்து வீடுகளின் சன்னல்கள், காற்று பெரும்பாலும் வரும் பக்கம், மழைநீர் வடியும் சரிவு, பொதுச் சாக்கடை இணைப்போ கழிவுநீர்த் தொட்டியோ அமையப்போகும் இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். ஓர் அறைகூட இல்லாத இந்தத் தாள்தான் பின்னால் எழும் வாக்குவாதங்களில் பாதியைத் தீர்த்து வைக்கும்.

வெயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நண்பகலில் சூரியன் உச்சிக்கு அருகில் இருக்கும்போது சன்னலுக்கு மேலே நீட்டிய ஒன்றரை இரண்டு அடிச் சன்ஷேடு நல்ல நிழல் தரும். மேற்கில் சாயும் சூரியன் தாழ்ந்து வருவதால், அதே சன்ஷேடு மாலை வெயிலை ஏறத்தாழத் தடுப்பதே இல்லை. பகல் முழுவதும் காய்ந்த காற்றோடு அந்த வெயிலும் சேர்ந்து மேற்குச் சுவரைச் சூடாக்க, சுவர் அந்தச் சூட்டை இரவில் அறைக்குள் விடுகிறது. வெப்பமான பகுதியில் கட்டுவதாக இருந்தால் குளியலறை, மாடிப்படி, பொருட்கள் வைக்கும் அறை, சுவரோடு பதித்த அலமாரி ஆகியவற்றை மேற்கில் வைத்து, உறங்கும் இடத்தை அவற்றுக்குப் பின்னால் ஒதுக்குவது நல்லது. குளிர்ப் பகுதியில் இதே மாலை வெயில் வரவேற்கத்தக்கது என்பதால், முடிவு உங்கள் ஊரின் வானிலையைப் பொறுத்தது.

அடுத்தது மாடிப்படி. அறைகளையெல்லாம் வைத்துவிட்டு மிஞ்சிய மூலையில் படியை நுழைப்பதுதான் சொந்தமாக வரையும் பெரும்பாலோர் செய்வது. படி எவ்வளவு இடம் கேட்கும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு தளத்தின் தரையிலிருந்து அடுத்த தளத்தின் தரை வரை 10 அடி, அதாவது 120 அங்குலம் என்று கொள்வோம். 18 படிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 6 அங்குலமும் முக்காலுக்குச் சற்றுக் குறைவான உயரமும் வரும். ஒரு படியின் உயரத்தை இரண்டு மடங்காக்கி, கால் வைக்கும் அகலத்தை அதோடு கூட்டினால் 24 அல்லது 25 அங்குலம் வர வேண்டும் என்பது நெடுங்காலமாகக் கையாளப்படும் கணக்கு. மனிதரின் இயல்பான நடையின் எட்டை அடிப்படையாகக் கொண்டு 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா ப்ளொந்தெல் இதை வகுத்தார். அந்தக் கணக்கின்படி நம் படிக்குக் கால் வைக்கும் அகலம் 11 அங்குலம். நடுவில் திரும்பும் படியாக, ஒன்பது ஒன்பது ஏற்றங்களாகப் பிரித்தால், ஒரு பக்கத்தில் எட்டு மிதிகள் சேர்ந்து 7 அடி 4 அங்குலமும், திரும்பும் மேடை 3 அடிக்குச் சற்றுக் கூடுதலாகவும் பிடிக்கும். படியின் அகலம் மூன்றேகால் அடி என்று வைத்தால் இரு பக்கமும் இடைவெளியும் சேர்ந்து 7 அடி ஆகும். ஆக, ஏழு அடிக்குப் பத்தரை அடி, அதுவும் இரண்டு தளங்களிலும் ஒன்றன்மேல் ஒன்றாக. இதோடு ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் நிற்பதற்கு மூன்று அடியாவது வேண்டும்.

இந்த இடத்தை மிச்சப்படுத்துவதற்காகப் படியின் உயரத்தை 8 அங்குலமாக்கி, கால் வைக்கும் அகலத்தை 9 ஆக்கும் யோசனையை யாராவது முன்வைத்தால் ஏற்காதீர்கள். கணக்கில் 25 வருகிறது என்று சொல்வார்கள். ஆனால் இறங்கும்போது குதிகால் படியின் ஓரத்தில்தான் பதியும். அதே போல, நடுமேடைக்கு அடியில் ஒரு கழிவறை வைத்துவிடலாம் என்ற ஆசையும் பலருக்கு எழுகிறது. ஒன்பது படி ஏறிய உயரம் 5 அடி. மேடையின் கான்கிரீட் கனம் போக மிஞ்சுவது நாலரை அடி. அங்கே எவராலும் நிமிர்ந்து நிற்க முடியாது. பெட்டிகளும் துடைப்பமும் வைக்க அந்த இடம் ஏற்றது. இன்னொன்று: எல்லாப் படிகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தரைக்கு ஓடு பதிக்கும் கனத்தையும் படிக்குக் கல் பதிக்கும் கனத்தையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்காத வீடுகளில், முதல் படியோ கடைசிப் படியோ ஓர் அங்குலம் கூடிக் குறைந்து நிற்கும். மற்ற படிகளின் உயரத்துக்குப் பழகிவிட்ட கால் அங்கேதான் தடுக்கும்.

படியை எங்கே வைப்பது என்பதில் என் விருப்பம், மேல்தளத்தின் நடுப்பகுதியில் போய் முடியும்படி அமைப்பது. வீட்டின் ஒரு கோடியில் படி முடிந்தால், மறுகோடியில் உள்ள அறைக்குச் செல்ல நீண்ட நடைவழி தேவைப்படும். மூன்றரை அடி அகலத்தில் 20 அடி நடைவழி என்றாலே 70 சதுர அடி போய்விடும். படி நடுவில் முடிந்தால் சுற்றிலும் அறைகளின் கதவுகள் அமைந்துவிடும். 30 அடி அகலமுள்ள வீட்டின் நடுப்பகுதி எப்படியும் இருட்டாகத்தான் இருக்கும். படிக்கட்டின் மேற்கூரையில் கண்ணாடி பதித்த திறப்பு ஒன்று வைத்தால் அந்த வெளிச்சம் தரைத்தளம் வரை இறங்கும், மேலே காற்றுப் போக்கி வைத்தால் சூடான காற்றும் அதன் வழியே வெளியேறும். பின்னாளில் மேல்தளத்தைத் தனி வீடாகப் பிரிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும், படியின் தொடக்கம் முன்வாசலுக்கு அருகில் இருக்க வேண்டும். இந்த இரண்டில் எது வேண்டும் என்பதைக் குடும்பத்தில் எல்லோரும் கூடிப் பேசி இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

தண்ணீர் புழங்கும் இடங்களைச் சேர்த்து வைப்பது மூன்றாவது உறுதியான முடிவு. கழிவறையிலிருந்து வரும் 4 அங்குலக் குழாய்க்கு 40க்கு 1 என்ற சரிவு கொடுப்பது வழக்கம். அதாவது 10 அடி தூரம் ஓடினால் 3 அங்குலம் இறங்க வேண்டும். மேல்தளத்தில் கழிவறை ஒரு மூலையிலும் குழாய் கீழிறங்கும் இடம் எதிர் மூலையிலும் இருந்தால், குழாயின் கனமும் இந்தச் சரிவும் சேர்ந்து, ஒன்று தளத்தை இறக்கிப் போட வேண்டும் அல்லது கீழ் அறையின் கூரைக்கு அடியில் குழாய் தொங்க வேண்டும். மேல்தளக் குளியலறைகள் கீழ்த்தளக் குளியலறைகளுக்கு நேர் மேலேயும், அவை எல்லாம் வெளிச்சுவரை ஒட்டியும் இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சமையலறைக்கோ சாப்பிடும் இடத்துக்கோ மேலே கழிவறை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்றாவது ஒருநாள் கசியும், அன்று அந்த இடம் எது என்பது முக்கியம். துணி துவைக்கும் இயந்திரத்துக்கும், அதைவிட முக்கியமாகத் துணி உலர்த்தும் இடத்துக்கும், இந்தக் கட்டத்திலேயே இடம் குறித்துவிட வேண்டும்.

மேல்தளச் சுவர்கள் கூடுமானவரை கீழ்த்தளச் சுவர்களின் மேலேயே வரட்டும். தூண்களை உங்கள் கட்டமைப்புப் பொறியாளர்தான் முடிவு செய்வார். ஆனால் நீங்கள் கொடுக்கும் அமைப்பு நேர்கோடுகளில் இருந்தால், கூடத்தின் நடுவே தூண் வேண்டும் என்றோ தலைக்கு மேலே பெரிய உத்தரம் ஓடும் என்றோ அவர் சொல்ல வேண்டியிருக்காது.

இனி கதவுகள். ஒரு வீட்டின் சுகம் அறையின் பரப்பைவிடக் கதவுகளின் இடத்தையே அதிகம் சார்ந்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பத்துக்குப் பன்னிரண்டு அடிப் படுக்கையறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு அடிச் சுவர் ஒன்றின் நடுவில் அறையின் வாசல், அதற்கு எதிர்ச்சுவரின் நடுவில் குளியலறைக் கதவு என்று வரைந்தால், தாளில் அழகாகச் சமச்சீராகத் தெரியும். ஆனால் இரண்டு கதவுகளுக்கும் இடையே மூன்று அடி அகலத்துக்கு நடக்கும் வழி ஒன்று அறையை இரண்டாகப் பிளந்துவிடும். இரு பக்கமும் மிஞ்சுவது நாலரை அடி அகலமுள்ள இரண்டு துண்டுகள். ஐந்தடிக் கட்டில்கூட அந்த அகலத்தில் அடங்காது. இப்போது சுவர் எதையும் அசைக்காமல், இரண்டு கதவுகளையும் அறையின் ஒரே கோடிக்கு நகர்த்திப் பாருங்கள். அந்தக் கோடியில் உள்ள பத்தடிச் சுவர் நெடுக 2 அடி ஆழத்துக்கு அலமாரி. அதன் முன்னே மூன்றரை அடி நடைவழி, இரண்டு கதவுகளும் இந்த வழியிலேயே திறக்கும், அலமாரிக் கதவுகளும் இங்கேயே திறக்கும். அதற்கு அப்பால் ஆறரை அடி நீளக் கட்டில், தலைமாடு எதிர்க்கோடிச் சுவரில். இரண்டும் மூன்றரையும் ஆறரையும் சேர்ந்தால் பன்னிரண்டு. குறுக்கே ஆறடி அகலக் கட்டிலின் இரு பக்கமும் இரண்டிரண்டு அடி மிஞ்சுகிறது. முதல் அமைப்பில் கட்டில் போட இடமில்லாத அதே அறை, கதவு இடம் மாறியதும் இருவருக்கு நிறைவான அறையாகிவிட்டது.

கூடத்துக்கும் இதே கணக்குத்தான். நல்ல அகலமான கூடம் என்று கட்டிவிட்டு, முன்வாசல், இரண்டு படுக்கையறைகள், சமையலறை, கழிவறை என ஐந்து கதவுகளையும் அதன் சுவர்களிலேயே திறந்துவிட்டால், இருக்கைகளைச் சாய்த்துப் போட ஒரு முழுச் சுவர்கூட மிஞ்சாது. யார் எங்கே போனாலும் உட்கார்ந்திருப்பவர்களின் கால்களைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டு படுக்கையறைகளும் ஒரு குளியலறையும் சேரும் இடத்தில் நாலுக்கு நாலடியில் சிறிய முன்னிடம் ஒன்று ஒதுக்கி, மூன்று கதவுகளையும் அதற்குள் திருப்பிவிட்டால், கூடத்தின் சுவரில் தெரிவது ஒரே ஒரு திறப்புத்தான். குளியலறையிலிருந்து வருபவர் விருந்தினரின் கண்ணில் படாமல் தம் அறைக்குப் போகலாம். பதினாறு சதுர அடியை இதற்குக் கொடுப்பதில் தயக்கமே வேண்டாம். ஓர் அறையைக் கடந்துதான் அடுத்த அறைக்குப் போக வேண்டும் என்ற அமைப்பு ஐரோப்பாவின் பெரிய மாளிகைகளில்கூட நெடுங்காலம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ரோஜர் பிராட் வடிவமைத்த கோல்ஸ்ஹில் மாளிகையில் தளத்தின் நடுவே நீளமான நடைவழி ஒன்றை ஓடவிட்டு, ஒவ்வோர் அறைக்கும் அதிலிருந்து தனிக் கதவு வைத்தார்கள். தனிமை என்பதைச் சுவர்களைவிட வழிகள்தான் தருகின்றன என்பதற்கு அது நல்ல சான்று.

கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதையும் வரைபடத்திலேயே கால்வட்டக் கோடாகப் போடுங்கள். மூலையை ஒட்டி அமையும் கதவு பக்கத்துச் சுவரோடு சாய்ந்து நிற்பதுபோல் திறந்தால் அறையின் இடம் வீணாகாது. நிலைக்கும் மூலைக்கும் இடையே ஏழெட்டு அங்குலம் விட்டால் கைப்பிடியோ கீலோ சுவரில் மோதாது. அந்தச் சுவரில் அலமாரி வருவதாக இருந்தால் அதன் ஆழமான இரண்டு அடிக்கு மேல் விட வேண்டும்.

இப்போது அறைகளின் அளவுக்கு வருவோம். உங்கள் பட்டியலில் உள்ள அளவுகள் உள்ளளவா வெளியளவா என்பதை முதலில் பாருங்கள். 30க்கு 40 என்பது வெளியளவாக இருந்து, சுற்றுச்சுவர் 9 அங்குலமாக இருந்தால், உள்ளே கிடைப்பது இருபத்தெட்டரைக்கு முப்பத்தெட்டரை அடி. 1,200 சதுர அடியில் வெளிச்சுவர் மட்டுமே 100 சதுர அடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. பத்துக்குப் பத்தில் ஓர் அறைக்குச் சமமான இடம் அது. உட்சுவர்களும் பூச்சும் இதற்கு மேல். தாளில் ஒற்றைக் கோட்டால் சுவர் வரைபவர்களுக்கு ஏதோ ஓர் அறை எப்போதும் இடிப்பது இதனால்தான். அடுத்த முறை வரையும்போது சுவரை இரட்டைக் கோடாக, உண்மையான கனத்தோடு வரையுங்கள்.

அளவை அறையிலிருந்து யோசிக்காமல், உள்ளே வரும் பொருளிலிருந்து யோசிக்க வேண்டும். ஆறு பேர் சாப்பிடும் மேசை மூன்றுக்கு ஐந்து அடி என்றால், நாற்காலியை இழுத்து எழுவதற்குச் சுற்றிலும் மூன்று மூன்று அடி சேர்த்து ஒன்பதுக்குப் பதினொன்று அடி வேண்டும். நாற்காலிக்குப் பின்னால் வேறொருவர் கடந்து போகவும் வேண்டும் என்றால் அந்தப் பக்கம் இன்னும் ஓர் அடி கூட்ட வேண்டும். இப்படி ஒவ்வோர் அறைக்கும் போட்டுப் பார்த்தால், சில அறைகள் நீங்கள் எழுதியதைவிடச் சிறியதாகவே போதும் என்பதும், சமையலறையும் குளியலறையும் மட்டும் கூடுதலாகக் கேட்கும் என்பதும் தெரியவரும்.

சமையலறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் வீட்டில் மிகுதியான உடலுழைப்பு நடக்கும் இடம் அது. 1926இல், பிராங்பர்ட் நகரில் எழுந்த புதிய குடியிருப்புகளுக்காக, வியன்னாவில் பிறந்த மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் சமையலறை ஒன்றை வடிவமைத்தார். ஓடும் ரயிலின் உணவுப் பெட்டிகளில் குறுகிய இடத்துக்குள் சமைப்பதை ஆராய்ந்து, சமைப்பவரின் ஒவ்வோர் அடியையும் மிச்சப்படுத்தும்படி அமைக்கப்பட்ட அந்த அறையின் அளவு ஆறேகால் அடிக்குப் பதினோரு அடிதான். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்று நாம் காணும் தொடர்மேடைச் சமையலறைகளுக்கு அதுவே முன்னோடி. ஆனால் ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்யக்கூடிய அளவில் அது இருந்ததால், சமைக்கும் பெண்ணைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தனியே அடைத்துவிட்டது என்ற கண்டனமும் பின்னாளில் எழுந்தது. இந்த வரலாற்றிலிருந்து இரண்டு பாடங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்: அடிகளை மிச்சப்படுத்துங்கள், ஆனால் இருவர் நிற்க இடம் விடுங்கள். எதிரெதிர் மேடைகளுக்கு இடையே ஒருவர் வேலை செய்ய மூன்றரை அடியும், இருவர் ஒருவரையொருவர் இடிக்காமல் வேலை செய்ய 4 அடியும் வேண்டும். மேடையின் ஆழம் 2 அடி என்பதால், இருபுற மேடை வைக்கும் சமையலறை உள்ளளவில் 8 அடி அகலமாவது இருக்க வேண்டும்.

அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு முக்கோணம் வரைந்து பார்க்கும் முறை 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவானது. முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் 4 அடி முதல் 9 அடிக்குள்ளும், மூன்றும் சேர்ந்து 13 அடி முதல் 26 அடிக்குள்ளும் இருப்பது நல்லது என்பது அதன் சாரம். அளவைவிட நான் முக்கியமாகக் கருதுவது, அந்த முக்கோணத்துக்குள் வேறு யாருடைய வழியும் குறுக்கிடாமல் இருப்பது. பின்வாசல் சமையலறையின் கடைசிச் சுவரில் இருந்து, அதற்குப் போகும் வழி அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே சென்றால், கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கித் திரும்புபவர் ஓடிவரும் பிள்ளையின் மேல் மோதுவார். பின்வாசலைச் சமையலறைக்குள் நுழையும் கதவின் பக்கத்திலேயே வைத்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

சமையலறை, சாப்பிடும் இடம், கூடம் மூன்றையும் சுவரின்றி ஒன்றாகத் திறந்துவிடும் அமைப்பைப் பலர் விரும்புகிறார்கள். வெளிச்சமும் விசாலமும் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வாசனையும், பாத்திரங்களின் ஓசையும், தொலைக்காட்சியின் சத்தமும் எல்லா இடத்துக்கும் ஒன்றாகவே பரவும். இரண்டு பிள்ளைகள் படிக்க வேண்டிய வீட்டில் இது சிறிய குறை அல்ல. சமையலறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் இடையே அகலமான திறப்பும், கூடத்தை மூடிக்கொள்ள ஒரு நகர்த்தும் கதவும் இருந்தால் உங்களுக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

உங்கள் தாயாரின் அறை தரைத்தளத்தில், குளியலறை இணைந்ததாக இருக்க வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்தே இல்லை. இன்று அவர் நன்றாக நடக்கிறார் என்றாலும், கைத்தடியோ சக்கர நாற்காலியோ தேவைப்படும் நாளை மனத்தில் வைத்து வரையுங்கள். சக்கர நாற்காலி நுழைய 32 அங்குலம் தடையற்ற திறப்பு வேண்டும்; நிலையின் கனமும் திறந்து நிற்கும் கதவின் கனமும் போக அது கிடைப்பதற்கு, மூன்றடி அகலமுள்ள கதவு வைக்க வேண்டும். பொதுவாகக் குளியலறைக்கு இரண்டரை அடிக் கதவு போடுகிறார்கள். இந்த ஒரு குளியலறைக்கு அது உதவாது. சக்கர நாற்காலி திரும்ப 5 அடி விட்டமுள்ள வெற்றிடம் தேவை. ஐந்துக்கு எட்டு அடி என்ற வழக்கமான குளியலறையில் கழிப்பிருக்கையும் கைகழுவும் தொட்டியும் அமைந்தபின் அது கிடைக்காது. ஏழுக்கு எட்டு என்று ஒதுக்கினால் நிம்மதி. வாசற்படித் தடுப்பு இல்லாமல், சரிவின் மூலமாகவே தண்ணீரை வடியவிடலாம். கழிப்பிருக்கைக்குப் பக்கத்தில் வரும் சுவர், பிடிமானக் கம்பியின் இழுப்பைத் தாங்கும் அளவுக்கு உறுதியான சுவராக இருக்கட்டும். அறை வீட்டின் கடைசி மூலையில் ஒதுங்கியிருக்க வேண்டாம். படுத்திருந்தபடியே சன்னல் வழியாக வெளியே நடமாட்டம் தெரிவதும், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருப்பதும் முதுமையில் மருந்துக்கு அடுத்தபடியாக வேண்டியவை.

பிள்ளைகளுக்கு இப்போதே இரண்டு சிறிய அறைகள் தேவையில்லை. பன்னிரண்டுக்கு இருபது அடியில் ஒரே அறையாகக் கட்டி, இரண்டு கதவுகள், இரண்டு சன்னல்கள், இரண்டு தொகுதி மின் இணைப்புகள் என்று தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். அவர்கள் வளர்ந்து தனியறை கேட்கும் வயதில் நடுவே அலமாரியோ இலேசான தடுப்போ வந்தால், பத்தடிக்குச் சற்றுக் குறைவான இரண்டு அறைகள் கிடைத்துவிடும். அவர்கள் வீட்டை விட்டுப் போனபின் தடுப்பை எடுத்துவிடவும் முடியும். அந்தத் தடுப்பின் கோட்டுக்கு மேலே சன்னலோ மின்விசிறியோ வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வெளிச்சம் ஒரு பக்கச் சன்னலிலிருந்து வரும்போது, சன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் வரைதான் அது நன்றாகப் பயன்படும். ஏழடி உயரத்தில் மேல்விளிம்பு என்றால், பத்தரை முதல் பதினான்கு அடி. பன்னிரண்டடி அறைகளுக்குக் கவலையில்லை. பதினெட்டடி ஆழமுள்ள கூடத்துக்கு இன்னொரு பக்கமும் சன்னல் வேண்டும். காற்று உள்ளே வர ஒரு வழியும் வெளியே போக வேறு சுவரில் ஒரு வழியும் இருந்தால்தான் அறைக்குள் ஓட்டம் இருக்கும். அதனால் படுக்கையறைகளை வீட்டின் மூலைகளில் வைப்பது சிறந்தது. ஒரு தளத்துக்கு மூலைகள் நான்கே என்பதால், அவற்றைப் பொருள் அறைக்கும் படிக்கும் கொடுத்துவிடாதீர்கள். மேற்கு மூலையின் வெப்பம் கடுமையாக இருக்கும் இடத்தில் மட்டும் அதற்கு விலக்கு.

பொருட்கள் வைக்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்வாசலருகே காலணிக்கும் குடைக்கும் ஓர் இடம், ஒவ்வொரு படுக்கையறையிலும் சுவர் நெடுக அலமாரி, சமையலறைக்குள் அல்லது அதை ஒட்டி ஒரு சிறிய பொருள் அறை, இவை இருந்தால் போதும். இரண்டு படுக்கையறைகளுக்கு இடையே உள்ள சுவரில் அலமாரி வந்தால் பேச்சொலி அடுத்த அறைக்குக் கேட்பதும் குறையும்.

இவற்றை எல்லாம் வைத்து வரைந்த பிறகு, முடிவு செய்யும் முன் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். முதல் சோதனைக்கு ஒரு பெரிய தாளில் ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற அளவில் ஒவ்வொரு தளத்தையும் வரையுங்கள். 15 அங்குலத்துக்கு 20 அங்குலத்தில் ஒரு தளம் அடங்கும். உங்களிடம் இப்போது இருக்கும் கட்டில், பீரோ, மேசை, துணி துவைக்கும் இயந்திரம் ஒவ்வொன்றையும் நாடாவால் அளந்து, அதே அளவில் அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். ஆறுக்கு ஆறரை அடிக் கட்டில் 3 அங்குலத்துக்கு மூன்றேகால் அங்குல அட்டையாக வரும். அட்டைகளை அடுக்கியபின், காலை எழுவது முதல் இரவு உறங்குவது வரை ஒவ்வொருவரும் நடக்கும் வழியை ஆளுக்கொரு நிறத்தில் கோடாக வரையுங்கள். அழுக்குத் துணி எங்கிருந்து புறப்பட்டு, எங்கே துவைக்கப்பட்டு, எங்கே உலர்ந்து, எந்த அலமாரியில் போய்ச் சேருகிறது என்பதையும் அப்படியே வரையுங்கள். கோடுகள் ஓரிடத்தில் சிக்கலாகக் குவிந்தால் அங்கேதான் ஒரு கதவை நகர்த்த வேண்டும்.

இரண்டாவது சோதனை முழு அளவில். காலி மனையிலோ சமமான திடலிலோ சமையலறை, தாயாரின் குளியலறை, மாடிப்படி ஆகிய மூன்றை மட்டும் சுண்ணாம்பால் வரைந்து, கதவு இருக்கும் இடங்களில் மட்டும் கோட்டை விட்டுவிட்டு, உள்ளே நடந்து பாருங்கள். திறந்தவெளியில் எந்த அறையும் உண்மையைவிடச் சிறியதாகத்தான் தோன்றும் என்பதால், பார்வையை நம்பி அளவைக் கூட்ட வேண்டாம். கையில் ஒரு வாளியையோ தட்டையோ ஏந்தித் திரும்ப முடிகிறதா, இருவர் கடக்க முடிகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். உங்கள் தாயாரையும் அழைத்துப் போய் நடக்கச் சொல்லுங்கள்.

அதன் பிறகு வரைபடம் பொறியாளரிடம் போகட்டும். அவர் தூண்களைக் குறித்துத் திருப்பித் தரும்போது, தூண்களின் அளவைச் சேர்த்து அட்டைகளை மீண்டும் ஒருமுறை அடுக்கிப் பாருங்கள்; சுவரைவிட வெளியே துருத்தும் தூண் ஒன்று அலமாரியின் இடத்தையோ கதவு திறக்கும் வழியையோ பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். அஸ்திவாரத்துக்கு மனையில் கயிறு கட்டி அளவு குறிக்கும் நாளில் நீங்களும் நாடாவோடு அங்கே இருங்கள். மின் இணைப்புகளின் இடத்தை அட்டைகள் முடிவானபின் குறித்தால் போதும், கட்டிலுக்குப் பின்னால் சுவிட்சு மறையாது.

உங்கள் மனைக்கு எந்தத் திசையில் சாலை இருக்கிறது, கழிவுநீர் எந்தப் பக்கம் வெளியேறும், மேல்தளத்தைப் பிற்காலத்தில் பிரிக்கும் எண்ணம் உண்டா என்ற மூன்றையும் எழுதினால், படியையும் தாயாரின் அறையையும் எந்தப் பக்கம் வைக்கலாம் என்பதை இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.